சுந்தரம்மாள் வீட்டுக் கதவு

ஒன்பது வயதுத் தங்கப்பொண்ணு வகுப்பில் பாடம் கேட்டதைவிட வகுப்புக்கு வெளியே நின்று கேட்டதுதான் அதிகம்.

"இன்னைக்கு என்ன காரணம்?" என்பார் டீச்சர்.

"பாலத்துல ஆட்டு மந்தை டீச்சர்."

"நேத்து?"

"நேத்து மாட்டு வண்டி டீச்சர். அச்சு முறிஞ்சுபோச்சு."

"உன் வண்டியா?"

"இல்ல டீச்சர். எனக்கு முன்னால போன வண்டி."

"நில்லு வெளியே."

மதுரையில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் அது. தங்கப்பொண்ணு குடியிருந்த வாடகை வீடு வைகைக்கு வடக்கே, செல்லூரில். பள்ளிக்கூடமோ ஊருக்கு நடுவே, தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில். அவள் அப்பா வீரணனின் சாக்குக் கடையும் அங்கேதான். அப்பாவும் மகளும் தினமும் பாலத்தைக் கடந்து நடந்து போய், நடந்து வருவார்கள். அப்பாவின் மதியச் சாப்பாடு தூக்குச் சட்டியிலேயே ஆறிப் போகும்.

அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விலைக்கு வந்த ஒரு சந்து வீட்டைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. சின்ன ஓட்டு வீடு. நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு முற்றம். ஆனால் வாசலில் நின்றால் பள்ளிக்கூட மணி கேட்கும்! சந்து முனையில் திரும்பினால் சாக்குக் கடை. எதிரே பால்காரர். இரண்டு வீடு தள்ளி வெற்றிலைக் கடை.

வீட்டுக்காரர் சுந்தரம்மாள் தனியாக இருந்தார். விருதுநகரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போகிறார்.

"நெய்க்கடைக்காரரும் கேக்குறாரு" என்றார் சுந்தரம்மாள். "ஆனா இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம்னு சொல்றீங்க. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குள்ள முன்பணம் குடுத்துருங்க."

அன்றைக்கே கொடுத்திருக்கலாம். அம்மா ஒச்சம்மாள்தான், "எங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றாள்.

அடுத்த பஸ்ஸிலேயே திருமங்கலத்திலிருந்து வந்து இறங்கினார் காசிமாயன் மாமா.

மாமாவின் தோளில் சரிகைத் துண்டு. கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். அது ஓடாது. ஆனால் அதை அவர் எடுத்துப் பார்க்கும் தோரணையைப் பார்த்தால், ஓடாதது ஊரில் இருக்கும் மற்ற கடிகாரங்கள்தான் என்று தோன்றும்.

"மாப்ள, கவலைய விடுங்க. எத்தனை பேருக்கு வீடு முடிச்சுக் குடுத்திருக்கேன்!" என்றார் மாமா. அந்த வீடுகளை யாரும் பார்த்ததில்லை. "வீடு எப்படி இருக்குங்கிறது முக்கியம் இல்ல. சகுனம் எப்படி இருக்கு? அதான் முக்கியம்."

செவ்வாய்க்கிழமை எல்லோரும் கிளம்பினார்கள். தெரு முனையில் ஒரு பூனை குறுக்கே ஓடியது.

"திரும்பு!" என்றார் மாமா.

திரும்பினார்கள். மாமா வீட்டில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு பணியாரம் சாப்பிட்டார். பிறகு தூங்கிவிட்டார்.

புதன்கிழமை பாலத்தைத் தாண்டியே போய்விட்டார்கள். ஆற்றில் குளிக்கப் போன ஒருவர், தலையில் எண்ணெய் வழிய எதிரே வந்தார்.

"எண்ணெய்த் தலை! எதிர்ல எண்ணெய்த் தலை வந்தா எடுத்த காரியம் விளங்குமா? திரும்பு!"

"மாமா, அவரு பாட்டுக்குக் குளிக்கப் போறாரு."

"ஏத்தா தங்கம், உனக்குச் சாஸ்திரம் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்ப திரும்பு."

திரும்பி நடந்தபோது அப்பா வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அம்மா தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தங்கப்பொண்ணுக்கு மாமாவின் தடியைப் பிடுங்கி ஆற்றில் போட வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை, என்ன ஆச்சரியம், வழியில் பூனையும் இல்லை, எண்ணெயும் இல்லை. சந்து வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தடியால் கதவைத் தட்டினார்.

சுந்தரம்மாள் கதவைத் திறந்தார்.

மாமா தேள் கொட்டியதுபோல் பின்னால் துள்ளினார்.

சுந்தரம்மாள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. அவர் கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. கணவரை இழந்தவர் எதிரே வந்தால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எதிரே வராத நாட்களில் மட்டும் காரியம் எப்படிக் கெட்டது என்று யாரும் கேட்டதில்லை.

"வீட்ல வேற யாரும் இல்லையா?" என்றார் மாமா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வேற யாராச்சும் வந்து கதவைத் திறந்தா என்னவாம்?"

சுந்தரம்மாள் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு பூனை இருக்கு. அது திறந்தாப் பரவால்லையா?"

சந்தில் யாரோ சிரித்தார்கள். மாமா சரிகைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தார். அம்மா அவர் பின்னால் ஓடினாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவரும் போனார்.

தங்கப்பொண்ணு மட்டும் ஒரு நொடி நின்றாள். கேலியாகப் பேசிய சுந்தரம்மாள், கதவைச் சாத்தும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடம் கேட்டாள்: "முன்பணத்த நீங்களே போய்க் குடுத்துட்டு வந்தா என்னப்பா?"

"உங்க மாமாவ மீறிக் குடுத்துட்டு, நாளைக்கு வீட்ல யாராச்சும் தும்முனாக்கூட, 'நான் அப்பவே சொன்னேன்'னு பஸ் ஏறி வந்துருவாரே! வந்தா லேசுல போகவும் மாட்டாரு" என்றார் அப்பா.

அதுவும் உண்மைதான். மாமா உள்ளே பணியாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தங்கப்பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே சந்து வீட்டுக்குப் போனாள். எப்படியும் வெளியேதான் நிற்கப்போகிறோம், கொஞ்சம் மெதுவாகப் போய் நின்றால் என்ன?

கதவைத் திறந்த சுந்தரம்மாளைப் பார்த்து, "பெரியம்மா, கோவமா?" என்றாள்.

"உன் மேல எனக்கென்ன கோவம்? என் வீட்டை விக்கிறதுக்கு நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணுமாம். அதான் எரிச்சலா வருது. பேசாம நெய்க்கடைக்காரருக்கே குடுத்துரலாம்னு பாக்குறேன். அவரு நெய் விலையைத் தவிர வேற எதையும் யோசிக்கமாட்டாரு."

தங்கப்பொண்ணு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"பெரியம்மா, சகுனம்னா, வெளிய கிளம்பிப் போறவங்கதானே பாப்பாங்க? எதிர வர்றவங்கதானே சகுனம்?"

"உங்க மாமா கணக்குப்படி அப்படித்தான்."

"அப்ப நீங்க கிளம்பி எங்க வீட்டுக்கு வாங்க. நீங்க கதவைத் தட்டுங்க. நாங்க திறக்குறோம். அப்ப எதிர வர்றது நாங்கதானே?"

சுந்தரம்மாள் புருவத்தை உயர்த்தினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஏ வாயாடி! எப்ப வரட்டும்?"

"நாளைக்குக் காலையில வாங்க. சனிக்கிழமைதான் சரியா இருக்கும்."

ஏன் சனிக்கிழமை என்று அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாமா எந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் விடமாட்டார். இடுப்பில் ஒரு பழைய துண்டு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். கூடத்து நடுவில் மனை போட்டு உட்கார்ந்து, வழித்த எண்ணெயை மறுபடியும் தலையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். வெயில் பட்ட இடமெல்லாம் பளபளத்தார்.

டொக் டொக் என்று கதவு தட்டப்பட்டது.

"ஏத்தா தங்கம், யாருன்னு பாரு."

"மாமா, கையெல்லாம் அரப்பு. நீங்கதான் குளிக்கக் கரைக்கச் சொன்னீங்க."

"ஒச்சம்மா!"

"உலையில அரிசி போடுறேண்ணே!"

"மாப்ள!"

அப்பா கொல்லையில் இருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லையா, கேட்காததுபோல் இருந்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

மாமா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். வழுக்கிக்கொண்டு போனார். கதவைத் திறந்தார்.

வாசலில் சுந்தரம்மாள்.

மாமா பின்னால் துள்ளப் பார்த்தார். காலில் எண்ணெய். துள்ள முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்.

சுந்தரம்மாள் துள்ளவில்லை. மாமாவின் தலையைப் பார்த்தார். தலையிலிருந்து மூக்குக்கு வழிந்த எண்ணெயைப் பார்த்தார். மூக்கிலிருந்து தரையில் சொட்டியதையும் பார்த்தார்.

"ஒரு நல்ல காரியமா வந்தேன்" என்றார் நிதானமாக. "எதிர்ல எண்ணெய்த் தலை வருது. நான் இப்ப திரும்பிப் போகணுமா, உள்ள வரணுமா? சாஸ்திரம் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்கய்யா."

மாமா வாயைத் திறந்தார். வாய்க்குள் எண்ணெய் போயிற்று. மூடினார்.

திரும்பிப் போகச் சொன்னால், காரியத்தைக் கெடுத்த எண்ணெய்த் தலை அவர்தான். உள்ளே வரச் சொன்னால், மூன்று நாளாக எல்லோரையும் எதற்கு நடக்க வைத்தார்?

அடுக்களை வாசலில் அம்மா. கொல்லை வாசலில் அப்பா. இரண்டு கையிலும் அரப்போடு தங்கப்பொண்ணு. எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலிலும் இரண்டு தலைகள் முளைத்தன.

எண்ணெய் கண்ணுக்குள் இறங்கியது. மாமாவின் கண்கள் கலங்கிச் சிவந்தன.

"உள்ள... வாங்க" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

தங்கப்பொண்ணு கையைப் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பாயை விரித்தாள். "உக்காருங்க பெரியம்மா." அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தார்.

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "இருந்தாலும் மாப்ள, இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே. சனிக்கிழமையில பணம்..."

"அண்ணே!" என்றாள் அம்மா. அந்தக் குரலை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. "போய்த் தலைக்குத் தண்ணிய ஊத்துங்கண்ணே!"

மாமா போனார்.

அப்பா முன்பணத்தை வெற்றிலையோடு வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். "அன்னைக்கே குடுத்திருக்கணும். மனசுல வச்சுக்காதீங்கம்மா."

"அதை அங்கேயே சந்துல விட்டுட்டேன்" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார் சுந்தரம்மாள். "காப்பி இன்னும் கொஞ்சம் குடும்மா. நல்லாருக்கு."

மாமா அன்று சாயங்காலமே பஸ் ஏறினார். சனிக்கிழமை மட்டும் எண்ணெய்த் தலை நல்ல சகுனம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் திருமங்கலம்வரை விளக்கிக்கொண்டே போனாராம்.

அடுத்த மாதம் அவர்கள் சந்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். முதல் நாள் காலையில் தங்கப்பொண்ணு பழைய வழக்கப்படி அவசர அவசரமாகத் தலை பின்னி, அவசர அவசரமாகத் தின்று, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. காவல்காரர் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு வெள்ளனவா? எங்கேருந்து வர்ற நீ?"

"அந்தா, அந்தச் சந்துலதான் எங்க வீடு."

"எங்க வீடு" என்று சொன்னது நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு தரம் சொன்னாள்.

"அம்புட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஏன் இங்க வந்து உயிரை வாங்குற? போயிட்டு அப்புறம் வா."

தங்கப்பொண்ணு சலித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து, இன்னும் இரண்டு இட்லி தின்று, எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்தாள்.

அப்போதும் பூட்டுத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.