பையில்லாத சட்டை

அந்தச் சனிக்கிழமை காலையில் அடித்த காற்றைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த போர்வை பறந்து வந்து பெரியவளின் சமையலறை ஜன்னலில் விழுந்தது. அரை மணி கழித்து, அதைத் தேடிக்கொண்டு தலையணை உறையும் வந்து சேர்ந்தது. அதையெல்லாம் பெரியவள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவதாகக் காற்று கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதைப் பார்த்துத்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

பதினோரு வருடமாக இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கொழுந்தன்! கூடவே அவன் பெண்டாட்டி, சின்னவள்.

கொழுந்தன் குழாய் வேலைக்காரன். எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் அவன் போய் முறைத்தாலே நின்றுவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள் விடிவதற்குள் இடுப்பளவு வெள்ளம். ஒரு கையில் கருவிப் பெட்டியும் மறு கையில் பெண்டாட்டியுமாகக் கரை ஏறியிருந்தான்.

"அண்ணன் இருக்காரா?" என்று பெரியவளுக்குப் பின்னாலிருந்த சுவரைக் கேட்டான்.

ஒரு காலத்தில் நாளைக்கு நாற்பது தடவை "அண்ணி, அண்ணி" என்று காலைச் சுற்றியவன். பெரியவள் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க... நனையாதீங்க..."

"வேற போக்கிடம் இல்லாமத்தான் வந்தோம்," என்றாள் சின்னவள், முந்தானையைப் பிழிந்தபடி. "மழை விட்டதும் போயிடுவோம். யாரும் பயப்பட வேணாம். இந்த வீட்லருந்து எதையும் எடுத்துட்டுப் போக மாட்டோம். அந்தப் பழக்கம் எங்களுக்குக் கெடையாது!"

சுருக்கென்று தைத்தது. பெரியவள் அடுப்படிக்குப் போனாள். டீக்கு இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். கண்ணில் வந்ததை ஊற்றியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

பெரியவளின் கணவர் எடை அளவு ஆய்வாளர். அவர் கடைத்தெருவில் கால் வைத்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கும். ஒரு முறை எதிரில் வந்த குண்டு வியாபாரி ஒருவர், தம் எடையே தப்போ என்று பயந்து சந்துக்குள் ஒதுங்கினாராம். ஆய்வாளருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'பையில்லாத ஐயா'. அவர் சட்டை எதிலும் பை கிடையாது. 'லஞ்சம் கொடுக்கணும்னாலும் எங்கப்பா வைக்கிறது?' என்று வியாபாரிகள் நொந்துகொள்வார்கள். இதற்காகவே அலுவலகம் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, அது கூடத்துச் சுவரில் தொங்கியது.

சட்டைக்கு ஏன் பை இல்லை என்று பெரியவளை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. பேனா மை கசிகிறது என்று அவள் சொன்னதை அப்படியே விட்டுவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு இரண்டு குடும்பமும் இதே வீட்டில்தான் இருந்தது. மாடியில் காற்றோட்டமாக ஓர் அறை. அது யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டை போட்டுப் பார்த்தார்கள், தீரவில்லை. சரி, கேரம் ஆடி முடிவு செய்வோம் என்று உட்கார்ந்தார்கள். வாய்ச்சண்டையே கௌரவமாக இருந்திருக்கும்.

அன்றைக்கும் புயல், மின்சாரம் இல்லை, ஒற்றை மெழுகுவத்தி. தம்பியின் கை ஓங்கியிருந்தது. சிவப்புக் காய் குழியின் வாயிலேயே நின்றது. தம்பி தும்மினாலே விழுந்துவிடும். அந்த நேரம் ஜன்னல் திறந்து மெழுகுவத்தி அணைந்தது. பெரியவள் தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தால் காயைக் காணோம்!

மறுநாள் காலை துணி துவைக்கும்போது, கணவரின் நீலக்கோடு போட்ட சட்டையின் பைக்குள் அது கிடைத்தது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊருக்கே தராசுப் படிக்கல் சரிபார்க்கிற மனிதர்! உள்ளே தம்பி, "நீங்கதாண்ணா எடுத்தீங்க! சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போனால் கைகலப்பாகிவிடும். பெரியவள் ஈரக் கையோடு நடுவில் போய் நின்றாள்.

"அவரில்லப்பா... நான்தான் எடுத்தேன். மாடி ரூம் மேல ஆசைப்பட்டுட்டேன். சாக்கடையில போட்டுட்டேன்..."

அன்றைக்கே தம்பி வீட்டைவிட்டுப் போனான். அவர் அந்தச் சட்டையைக் கொடியில் தடவிப் பார்த்ததைப் பெரியவள் ஜன்னல் வழியே பார்த்தாள். அதற்குள் அங்கே பையே இல்லை. பையைப் பிரித்து, காயை அதில் சுற்றி, பட்டன் டப்பாவின் அடியில் போட்டு மூடிவிட்டாள். அதன்பிறகு வந்த எந்தச் சட்டைக்கும் அவள் பையை விட்டுவைக்கவில்லை. அவருக்கோ, காய் பையிலிருந்து எங்கோ விழுந்து தொலைந்தது, சண்டையை நிறுத்தத்தான் பெண்டாட்டி பழியை ஏற்றுக்கொண்டாள் என்று ஒரு நினைப்பு. வசதியான நினைப்பு. அதில் பதினோரு வருடம் குடியிருந்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆய்வாளர் ஒரே செய்தித்தாளை முன்னாலிருந்து பின்னால் படித்து, பின்னாலிருந்து முன்னால் படித்து, கடைசியில் அச்சகத்தின் விலாசத்தை மனப்பாடம் செய்தார். சின்னவள் ஒரு கைக்குட்டைக்கு ஓரம் தைக்க ஆரம்பித்து, அது மேஜைவிரிப்பு அளவுக்குப் போய்விட்டது. எந்த மாடி அறைக்காகக் குடும்பம் இரண்டாகப் போனதோ, அந்த அறையில் இப்போது ஒன்பது இடத்தில் ஒழுகியது. வீட்டிலிருந்த பாத்திரம் பூராவும் மாடியில். கீழே சோறு பொங்க வேண்டுமென்றால் மழையிடம் ஒரு பாத்திரம் இரவல் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. மின்சாரம் போய் ஒரு நாளாகியிருந்தது.

"இப்படியே மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டிருந்தா ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்குவோம்," என்று தம்பி எழுந்து அலமாரி மேலிருந்து பலகையை இறக்கினான். தூசி தட்டினான். காய்களைக் கொட்டி அடுக்கினான். நடுவில் ஓர் ஓட்டை.

ஆய்வாளர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"செவப்புக் காய் எங்கன்னு கேக்க வேண்டியவங்களக் கேளுங்க," என்றாள் சின்னவள்.

மாடிப்படியில் பாத்திரத்தோடு ஏறிக்கொண்டிருந்த பெரியவளுக்கு முகம் சுண்டியது. எப்படியாவது இந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது.

"என்னங்க... தையல் மெஷினுக்குப் பக்கத்துல பட்டன் டப்பா இருக்கு. அதுல பெருசா ஒரு செவப்பு பட்டன் கெடக்கும். அத வெச்சு ஆடுங்க..."

அவர் எழுந்து போனார். அவள் மேலும் நாலு படி ஏறினாள். ஐந்தாவது படியில்தான் உறைத்தது. ஐயோ! பட்டன் டப்பா!

கையிலிருந்த பாத்திரம் நழுவி, ஒவ்வொரு படியாக நலம் விசாரித்துக்கொண்டே கீழே போயிற்று. அவள் ஓடி வந்தபோது அவர் உள்ளறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் சிவப்பு பட்டன் மட்டும் இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

"கெடச்சுதா?" என்றாள், சத்தமே வராமல்.

"கெடச்சுது," என்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பெரியவள் சுவரோரம் நின்றாள். பார்த்திருப்பாரா? அந்தப் பைத் துணியை அடையாளம் தெரியாமல் இருக்குமா? ஆய்வாளர் குறி பார்க்காமலே அடித்தார். தன் காயை விட்டுவிட்டுத் தம்பியின் காய்களையே இரண்டு முறை குழிக்குள் தள்ளினார். தம்பி வாய்க்குள் சிரித்தான். மெல்ல மெல்லச் சிவப்பு பட்டன் குழி ஓரத்துக்கு வந்து நின்றது. அடுத்த ஆட்டம் தம்பியுடையது.

விதிக்குக் கற்பனை வளம் குறைவு. ஜன்னல் படாரென்று திறந்தது. மெழுகுவத்தி அணைந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று சின்னவள் கத்தினாள். "பெரியக்கா, நீங்க முக்கியமா அசையாதீங்க!"

ஆனால் தீப்பெட்டி பெரியவளிடம்தான் இருந்தது. மூன்று குச்சி நமுத்துப் போயிருந்தது. நாலாவது பற்றியது; மெழுகுவத்தியை ஏற்றினாள்.

சிவப்பு பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. பலகையின் நட்டநடுவில், பதினோரு வருடமாகக் காணாமல் போயிருந்த சிவப்புக் காய், ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" சின்னவள் துள்ளி எழுந்தாள். "சாக்கடையில போட்டேன்னு சொன்னாங்களே! பத்திரமா பூட்டில்ல வெச்சிருந்திருக்காங்க! மனசு உறுத்திருச்சு... இருட்டுல நைசா கொண்டாந்து வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி குச்சியப் பத்த வெக்கிறாங்க!"

தம்பி அந்தக் காயை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் குரல் உடைந்தது.

"அம்மா போனதுக்கப்புறம் உங்களத்தான அம்மாவா நெனச்சேன்... ஒரு ரூமுக்காகவா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே..."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் பலகையில் தூவியிருந்த பவுடரை விரலால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. டப்பாவில் கண்டிருக்கிறார். வெட்கம் தின்றிருக்கிறது. வாயால் சொல்லத் துணிவில்லாமல், இருட்டில் காயை வைத்துவிட்டு அதுவே பேசிவிடும் என்று நினைத்திருக்கிறார். அது பேசியது. ஆனால் மறுபடியும் அவள் தலைமேல் அல்லவா பேசிவிட்டது!

சரி... பழகிய சுமைதானே. தேய்ந்த செருப்பு மாதிரி அந்தப் பொய் அவள் காலுக்குச் சரியாகத்தான் இருந்தது.

"ஆமாப்பா... நான்தான்..."

"நிறுத்து!"

ஆய்வாளர் கத்தியதில் மெழுகுவத்தியே ஒரு கணம் குனிந்தது.

"இன்னொரு தடவ எனக்காகப் பொய் சொன்னே... இந்த மழையிலயே எறங்கிப் போயிடுவேன்." அவர் தலை இன்னும் குனிந்தேதான் இருந்தது. "எடுத்தவன் நான்டா, தம்பி. அன்னிக்கும் நான்தான். இப்ப வெச்சதும் நான்தான்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "போங்கண்ணா! அண்ணிய... இவங்களக் காப்பாத்தப் பாக்காதீங்க. பையே இல்லாத மனுஷன், எடுத்து எங்க வெச்சீங்களாம்?"

அவர் மடியிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். நீலக்கோடு போட்ட சட்டைப் பை. உள்ளங்கை அளவு. வட்டமாகக் காய் அழுந்திய தடம் இன்னும் அதில் இருந்தது.

"அன்னிக்கு இருந்துச்சுடா," என்றார்.

தம்பியின் சிரிப்பு நின்றது. அவர் மேலே சொன்னார்.

"உங்கிட்டத் தோத்துப்போறத என்னால தாங்க முடியல. கை தானாப் போயிருச்சு. மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன்... அதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. அப்புறம் அது சுகமாயிருச்சு. ஊர்ல படிக்கல்லுல எள்ளளவு கொறஞ்சாலும் கேஸ் போடுறவன்... வீட்டுல பொண்டாட்டி மேல இத்தனை பாரத்த ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்." கூடத்துச் சுவரைக் காட்டினார். "அந்தப் பத்திரம்கூட எனக்கில்ல. பையை வெட்டுனது அவ!"

பதினோரு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெரியவள் காத்திருந்தாள். வந்தால் நெஞ்சு குளிரும் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பாள்! வந்தபோது குளிரவில்லை. தம்பி முன்னால் தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் அந்த நரைத்த தலையைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு சட்டையிலும் பையைப் பிரித்தபோது, அது காவல் மட்டும்தானா? 'எனக்குத் தெரியும்' என்று தினமும் அவருக்குத் தண்டனையை மாட்டி அனுப்பவில்லையா? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அக்கா..."

சின்னவளின் அந்த மேஜைவிரிப்பு அளவுக் கைக்குட்டை கீழே விழுந்தது. ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என் நாக்குல புண்ணு வர! ரெண்டு நாளாக் கொத்திட்டிருந்தேனேக்கா... ரெண்டு நாளா? பதினோரு வருஷமா! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஏன்க்கா இப்படி...?"

"சொன்னா அண்ணன் தம்பி ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டாங்கடி..."

"இப்ப மட்டும் ரொம்பப் பேசிக்கிட்டாங்களாக்கும்!"

அழுதுகொண்டே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மெல்ல வந்து நின்றான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பெரியவளின் காலைப் பார்த்தான்.

"அண்ணி," என்றான். அவ்வளவுதான் சொன்னான். மிச்சம் முப்பத்தொன்பதையும் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஆய்வாளர் பட்டனை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சிவப்புக் காயை வைத்தார். "உன் ஆட்டம். அடிடா."

தம்பி அடித்தான். சிவப்பு விழுந்தது; பின்னாலேயே அவனுடைய கடைசிக் காயும் விழுந்தது. மாடி அறை அவனுக்கு. வென்றவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய், தன் சொத்திலிருந்த ஒன்பது ஒழுகலையும் ஒவ்வொன்றாக அடைக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. குளித்து வந்த ஆய்வாளருக்குச் சட்டையை நீட்டினாள் பெரியவள். வெள்ளைச் சட்டையின் மார்பில் நீலக்கோடு போட்ட பை ஒன்று சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. "வேணாம்... எனக்குத் தகுதியில்ல."

"போட்டுக்கங்க. இத்தனை நாள் பையில்லாம நல்லவரா இருந்தீங்க. இனிமே பையோட இருங்க."

அன்று கடைத்தெருவில் அவர் தலை தெரிந்ததும் வழக்கம்போலத் தராசுகள் நேராக நின்றன. அப்புறம் அவர் மார்பைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தன. "ஐயா பை வெச்சுட்டாரு!" என்று தெரு முழுக்கச் செய்தி பரவியது. ஒரு மளிகைக்காரர் துணிந்து அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா... உள்ள ஏதாவது வைக்கலாங்களா?" என்று கேட்டார்.

"எடம் இல்ல," என்றார் ஆய்வாளர். தலை குனிந்தபடி பையிலிருந்து சிவப்புக் காயை எடுத்து அவருடைய தராசின் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தார்.

தட்டு லேசாகத்தான் இறங்கியது. அவ்வளவு கனத்தையும் வீட்டில் ஒருத்தி தூக்கிக்கொண்டிருந்தது அந்தத் தராசுக்கு எப்படித் தெரியும்!