பதினோரு செவ்வாய்க்கிழமைகள்

பூந்தி என்ற அந்த நாய் மாத்திரைகளை விழுங்கி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பாடாலூர் கால்நடை மருத்துவமனை வாசலில் பைக்கை நிறுத்திய இளைஞன், அந்தப் பழுப்பு நாயை இறக்கி, வாயைப் பிளந்து, பாட்டிலில் கொண்டுவந்த உப்புத் தண்ணீரை ஊற்றப் போனான்.

"ஊத்தாதீங்க… மூச்சுக்குழாய்ல போயிடும்."

சொன்ன பிறகுதான் அபிநயாவுக்கே தன் குரல் கேட்டது. கையில் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டி. வேதியியல் படித்துவிட்டு கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை.

அவன் நிமிர்ந்தான். தூறலில் நனைந்த இமைகள்… அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும்.

அறிவரசன். செட்டிகுளத்தில் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் ஓட்டுகிறவன். செவ்வாய்தோறும் கடைக்கு வந்து, "காய்ச்சல் மாத்திரை ரெண்டு" என்பான். அட்டையிலிருந்து இரண்டை வெட்டி, சின்னக் கவரில் போட்டு, 'சாப்பிட்ட பின்' என்று எழுதிக் கொடுப்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

டாக்டர் இராமலிங்கம் நாயின் ஈறைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாத்திரை?"

"காய்ச்சல் மாத்திரைங்க சார். பிஸ்கட் டப்பால வச்சிருந்தேன்… தள்ளிவிட்டுத் தின்னுருச்சு."

"எத்தன?"

"பத்து இருக்குமா…"

"என்னையக் கேக்குற? எத்தனைன்னு தெரிஞ்சாத்தான்யா முடிவு பண்ண முடியும். ஈரல் போயிடும்."

பூந்தி அவன் காலடியில் படுத்து, ஒரே ஒரு முறை வாலை அசைத்தது.

அபிநயாவுக்கு எண்ணிக்கை தெரியும். சொன்னால்… எண்ணிக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும். காது மடல் சுட்டது. ஆட்டுக்குட்டியை இறுக்கிக்கொண்டாள்.

"இருபத்திரெண்டு சார்."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினோரு செவ்வாய்க்கிழமை வந்தாங்க. ரெண்டு ரெண்டா… நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "நீ எதுவும் போடலியாய்யா?"

"ஒண்ணுகூடப் போடலைங்க."

வாந்தி வரவழைக்க ஊசி போட்டார். பூந்தி மூன்று முறை கக்கியது. வெள்ளைத் தூளும் அட்டைத் துணுக்குகளும். விஷமுறிவு மருந்தின் பெயரை டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே, "எங்க கடையில இருக்கு சார்" என்றாள். "இதப் புடிங்க" என்று குட்டியை அவன் கையில் திணித்துவிட்டு மழையில் ஓடினாள்.

திரும்பியபோது குட்டி அவன் சட்டைப் பொத்தானை மென்றுகொண்டிருந்தது.

மருந்து உள்ளே போனது. ஒரு மணி நேரம் கழித்து பூந்தி எழுந்து உடம்பை உதறிற்று.

"நேரத்துக்குக் கொண்டாந்துட்ட. நாளைக்கும் காட்டணும், ரத்தம் பாக்கணும்" என்ற டாக்டர், அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார். "எண்ணிக்கையச் சொன்ன புள்ளைக்கு நன்றி சொல்லுய்யா."

பெஞ்சில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். வெளியே மழை சன்னமாகப் பெய்தது.

"நன்றிங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "பொய் சொல்லித்தான வாங்குனீங்க?"

அவன் குனிந்து பூந்தியின் காதைத் தடவினான்.

"ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள… யாருக்கு இவ்ளோ காய்ச்சலோன்னு கவலப்பட்டேன். செட்டிகுளத்துலயே மருந்துக்கடை இருக்குல்ல?"

"நாலு இருக்குங்க."

சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்தாள். "போடாத மாத்திரைய எதுக்கு டப்பால வைக்கணும்?"

"கவர்ல உங்க கையெழுத்து இருந்துச்சு… தூக்கிப் போட மனசு வரல."

இப்போதுதான் அவள் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் காய்ச்சலே வரலைங்க… உங்களப் பாக்கத்தான் வந்தேன்."