பாதிக் கோப்பை

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் விருந்தினராக வீட்டுக்கு வந்துவிட்டார். லாங்கி தட்டில் கோக்கோ கோப்பைகளை அடுக்கும்போதே நாத்தனார் ஸியேனியின் குரல் பின்னால் வந்து தைத்தது.

"இன்னிக்கும் பாதிதானா? உங்க தீவுல கோக்கோ மரமே கிடையாதா, லாங்கி?"

மூன்று வாரமாக இதே இடிப்பு. இன்று மாமியார் மசீனாவும் பொறுக்கவில்லை. "விளிம்பு வரைக்கும் ஊத்து. போதகர் முன்னாடி என் மானத்த வாங்காத."

ஊற்றினாள். கணவன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். அவளுக்காகப் பேச அங்கே ஆளில்லை.

அந்தத் தீவு வழக்கப்படி, உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. முதுகை வளைத்து, "துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி, தட்டைத் தாழ ஏந்திப் போக வேண்டும். ஆறு வருடம் ஒரு சொட்டுச் சிந்தாதவள்தான். இன்று மூன்றாவது அடியில் வலது மணிக்கட்டு மடங்கியது. அத்தனையும் போதகரின் பாயில்...

"நாளைக்கே படகேறி உங்கம்மா வீட்டுக்குப் போயிடு," என்றாள் மசீனா. "என் மகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

லாங்கி நாத்தனாரைப் பார்த்தாள். இப்போதாவது அந்த வாய் திறக்கும் என்று காத்திருந்தாள். ஸியேனியோ போதகருக்கு விசிறத் தொடங்கினாள்.

கொதித்த சட்டிகூட அவளை இப்படிச் சுட்டதில்லை. சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். தோல் உரிந்து, செக்கச் சிவந்த புண்.

"போறேன் அத்தை. ஆனா திமிர்ல பாதி ஊத்தினேன்னு மட்டும் சொல்லாதீங்க. நிறைஞ்ச தட்ட இந்தக் கை தாங்கல."

"இது எப்படிம்மா ஆச்சு?" என்றார் போதகர்.

"அண்ணியக் கேளுங்க. சொல்ல மாட்டேன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

விசிறி நின்றது. ஸியேனி அழுதுகொண்டே சொன்னாள்: தான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது தன் குழந்தை அடுப்புச் சட்டியை இழுத்தது, லாங்கி குறுக்கே கையை நீட்டினாள், வெளியே சொல்லாதே என்று காலைப் பிடித்தது தான்தான்.

"ஏன் பாதின்னு நீங்க கேட்டுடுவீங்களோன்னு பயம்மா... அதான் நானே முந்திக்கிட்டுக் கேலி பண்ணினேன்."

"தெரிஞ்சேவா அவள ஏசின?" மசீனாவின் குரல் உடைந்தது. மருமகளை இழுத்து அணைத்து, போதகரின் பக்கத்துப் பாயில் உட்கார வைத்தாள். மகளிடம் திரும்பினாள். "போய் ஊத்திட்டு வா. விளிம்பு வரைக்கும்."

அண்ணன் தம்பிகள் எழுந்து இடம்விடும் செல்ல மகள் ஸியேனி. அந்த வீட்டில் யாருக்கும் முதுகு வளைத்தவள் இல்லை. இன்று வளைந்தாள். "துலோ..." என்றாள். இரண்டாவது அடியிலேயே கோக்கோ தளும்பி அவள் விரல்களில் வழிந்தது.

லாங்கி இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"பாதி போதும் அண்ணி," என்றாள். "போதகருக்கும் நீங்களே கொண்டு வாங்க."