ஏற்றவர் சுவாமிதாஸ்

வழியில் ஒரு வண்டி நின்று கிடப்பதைப் பார்த்தால் சுவாமிதாஸின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியாக இருந்தாலும் சரி, ஆலயத்துக்குப் போகிற வழியாக இருந்தாலும் சரி, மனிதர் இறங்கிவிடுவார். வெள்ளைச் சட்டையோடு பானட்டுக்குள் தலையை விட்டு, கிரீஸோடு வெளியே எடுப்பார். மனைவி தங்கபாய் இருபத்திரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவருக்கு வெள்ளைச் சட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் முக்கோலையில் அவருடைய ஒர்க் ஷாப். பைபாஸ் வந்த பிறகு அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளும் டிரைவர்களுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். விளக்குக் கம்பங்களில் ஒரு போன் நம்பரை ஒட்டினார்கள். பிக்கப் ஓட்டுகிற லிபியின் நம்பர். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் லிபி குழுவில் போடுவான். முதலில் 'ஏற்றாச்சு', அதாவது நான் போகிறேன், என்று எழுதுகிறவர் போக வேண்டும். மற்றவர்கள் போகக் கூடாது. ஆரம்பத்தில் ஒரே ஒரு பஞ்சருக்கு நாலு ஆண்பிள்ளைகள் போய் இறங்க, காரில் தனியாக இருந்த டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது.

சின்னப் பையன்கள் ஏற்றால் லிபி, "போனியாடே?" என்று ஒரு தடவை கேட்பான். சுவாமிதாஸ் ஏற்றால் கேட்கமாட்டான். அவர் ஏற்றார் என்றால் வண்டி ஓடிவிட்டது என்றே அர்த்தம். வேறு பெரிய சொத்து எதுவும் அவருக்கு இல்லை, அந்தப் பெயர்தான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு மாதமாக யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. லிபி எதிரே வந்தால் வேறு பக்கம் பார்க்கிறான். டீக்கடையில் இவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு மாலை ஐந்தரை மணி. இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டு பெய்தது. ஒர்க் ஷாப்புக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, வளைவில் நாலு இண்டிகேட்டர்கள் மினுங்குவதைப் பார்த்தார். மழையில் வேறு எதுவும் தெரியவில்லை. மினுங்கலில் உயிர் இல்லை, பாட்டரி சாகப்போகிற மாதிரி இருந்தது. அவர் தாண்டிப் போய், ஓம்னி வேனை ரிவர்ஸ் எடுத்து, அந்த வெள்ளைக் காருக்கு முன்னால் ஒட்டி நிறுத்தினார்.

டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாண்டாம் மேடம். நான் ஒர்க் ஷாப்காரன். பானட்ட தொறங்க."

"வந்துட்டேளா," என்றாள் அவள். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துப் பேச்சு. குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

பானட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தார். எஞ்சினில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு குளிர்ச்சி. மழையில் ஆறிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேனின் பாட்டரியிலிருந்து கேபிளை இழுத்து இதில் மாட்டினார்.

"செல்ஃப் அடிங்க மேடம்."

ஒரு சத்தமும் இல்லை.

"எத்தன நேரமா நிக்கிய?"

"நாலு மணியிலேர்ந்து."

"ஒன்றர மணிக்கூறா! ஆரையாவது விளிக்கப் பிடாதா?"

"கூப்பிட்டேனே. வரேன்னு சொன்னா. மழையா இருக்கு, காரை விட்டு இறங்காதேங்கோன்னும் சொன்னா." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் இறங்கவே இல்லை."

சுவாமிதாஸுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஒரு பெண்பிள்ளையை வழியில் உட்கார வைத்துவிட்டு எந்தச் சவம் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது? "ஆரு மேடம் அது? பேரச் சொல்லுங்க, நான் கேக்கேன்."

கண்ணாடி இடுக்கு வழியாக அவள் போனை நீட்டினாள். திரை நொறுங்கியிருந்தது. அதில் லிபி அனுப்பிய செய்தி.

'சுவாமிதாஸ் அண்ணன் ஏற்றார். வருவார். காரிலேயே இருங்கள்.'

நேரம் நாலு பத்து. தேதி, போன மாதம் பதினொன்று.

பெட்ரோல் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்த மாதிரி. நம்பர் பிளேட்டைப் பார்க்கலாம் என்று காரின் பக்கவாட்டில் இரண்டடி பின்னால் நடந்தார்.

பின் கதவு இல்லை.

பின் சீட் இல்லை. டிக்கி இல்லை. முன் சீட்டுக்குப் பின்னால் காரே இல்லை. கசங்கிய தகரத்துக்குள் மழை நேராகப் பெய்துகொண்டிருந்தது.

இந்தக் காரை அவருக்குத் தெரியும். போன மாதம் போலீஸ் கூப்பிட்டு, இதே வளைவிலிருந்து இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவரே அவர்தான். பாட்டரி தீர்ந்து விளக்கெல்லாம் அணைந்து நின்ற காரை, ஏழரை மணிக்குக் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னாலிருந்து அடித்துவிட்டது என்றார்கள். உள்ளேயே செத்துப்போனவள் பெயர் ஸ்ரீப்ரியா. அவளுடைய கணவன் உமாசங்கர் ஸ்டேஷன் வாசலில் நின்றான். "நீங்கதான் சுவாமிதாஸா?" என்று கேட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். துக்கத்தில் இருக்கிறான் பாவம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"அண்ணா," என்றது முன் சீட்டுக் குரல். "ஏன் வரலை?"

லாரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

கார் இல்லை.

கேபிளின் இரண்டு கிளிப்புகள் மட்டும் இடுப்பு உயரத்தில், காற்றைக் கவ்விக்கொண்டு நின்றன. பிறகு அவையும் தரையில் விழுந்தன.

வேனை ஒர்க் ஷாப்புக்கு ஓட்டினார். பதினொன்றாம் தேதி. அன்றைக்குத்தான் அவர் கடைவாய்ப்பல் பிடுங்கினார். போனை ஒர்க் ஷாப்பில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒர்க் ஷாப்பில் இருந்தவன் ஒருவன்தான். ஜெயன். தங்கபாயின் தம்பி. இருபது வருஷமாகக் கூடவே வைத்து, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கூடப்பிறந்தவனைப் போல நினைத்த ஜெயன்.

அவனாக இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் ஜெபித்தார்.

ஜெயன் ஒர்க் ஷாப்பைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தான். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சாவி கீழே விழுந்தது. அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பதினொண்ணாந் தேதி என் போன எடுத்தது நீயா?"

"அத்தான்..."

"ஆமாவா, இல்லியா?"

"லிபி விளியோ விளின்னு விளிச்சிட்டுக் கெடந்தான். கிளப்புல புட்பால் பைனல் களி அன்னைக்கு. முடிஞ்ச ஒடனே போலாம்னு..." ஜெயன் அழ ஆரம்பித்தான். "சும்மா எஞ்சின் சூடாயிருக்கும்னு நெனச்சேன் அத்தான். இப்பிடி ஆவும்னு கர்த்தராண நெனக்கல்ல."

"அதுக்கு என் பேர என்னத்துக்குடே எழுதுன? ஒனக்குப் பேரில்லியா?"

ஜெயன் தரையைப் பார்த்தான். "என் பேருன்னா லிபி போனியா போனியான்னு கேப்பான். ஒங்க பேருன்னா... ஆரும் கேக்கமாட்டா."

அந்த ஒரு வார்த்தையில் சுவாமிதாஸ் உடைந்துபோனார். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இவர் போனில் மட்டும் ஜெயன் அந்தச் செய்தியை அழித்திருக்கிறான். மற்ற எல்லார் போனிலும் அது அப்படியே கிடக்கிறது. ஏற்றுவிட்டுப் போகாமல் ஒரு பெண்ணைச் சாகவிட்டவன் என்று ஊரே ஒரு மாதமாக இவரைப் பார்த்திருக்கிறது. ஒருவனும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையே!

"அவ இன்னும் எனக்காக ஒக்காந்திருக்காடே," என்றார். "வளைவுல. இறங்கவே இல்லியாம்."

ஜெயன் புரியாமல் விழித்தான். அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

தங்கபாய் தலை துவட்டத் துண்டு கொண்டு வந்தாள். "மொகம் என்ன இப்பிடி இருக்கு? பல்லு பின்னயும் வலிக்குதா?" என்று கேட்டாள். உன் தம்பி என்னை விற்றுவிட்டான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? காலையில் உமாசங்கரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார்.

ஏழு மணிக்குச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குழுவில் ஜெயன் எழுதியிருந்தான்.

'பைபாஸ் வளைவில் நிற்கிறேன். என் கார் செத்துவிட்டது. யாராவது வர வேண்டும்.'

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே இன்னொரு செய்தி விழுந்தது.

'சுவாமிதாஸ்: ஏற்றாச்சு.'

அவர் விரல் திரையைத் தொடவே இல்லை.

லிபியைக் கூப்பிட்டார். "லிபி, நீ பக்கத்துலதான இருக்க? ஜெயன்கிட்ட போ மக்கா. ஏத்தது நானில்ல."

"என்ன அண்ணா வெளயாடுறியளா? இப்பம்தான விளிச்சிய. ஒருத்தரும் வராண்டாம், நானே பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே. ஒங்க சத்தம் எனக்குத் தெரியாதா? நான் திரும்பிப் போயிட்டேன்." போனை வைத்துவிட்டான்.

வேன் சாவி ஆணியில் தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருக்கட்டும், அவனும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் அவருக்கே பயமாக இருந்தது. அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. அடுக்களையிலிருந்து தங்கபாய், "ஜெயனுக்கும் சேத்து மீன் பொரிக்கவா?" என்று கேட்டாள். அவர் சாவியை உருவிக்கொண்டு ஓடினார்.

மழை இன்னும் விடவில்லை. வளைவில் நாலு இண்டிகேட்டர்கள் சோர்ந்து மினுங்கின. வேனைப் பின்னாலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினார். ஜெயனின் கார்தான். முழுசாக இருந்தது. ஜெயனும் முழுசாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவருக்கு உயிர் வந்தது.

"ஜெயா! எறங்கு. இங்க நிக்காத, சீக்கிரம் எறங்கு."

ஜெயன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு முன்பக்கம் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான்.

"அத்தான்... நீங்க வந்து பத்து நிமிசமாச்சே."

"என்னடே சொல்லுத?"

"காரவிட்டு எறங்காதன்னு சொல்லிட்டு, பானட்டத் தொறந்து நோக்கிட்டுல்லா நிக்கிய?"

சுவாமிதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

பானட் திறந்திருந்தது.

அதற்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்து நின்றார்கள். பானட்டுக்கும் காருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. பாட்டரியின் மேல் இருந்தன. ஈரத்தில் ஊறி வெளுத்த கைகள். வளையல் போட்ட கைகள்.

அவர் கதவைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கையை விட்டு ஜெயனின் சட்டையைப் பற்றினார். "பூட்டத் தொறடே! எறங்குடே!"

பானட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அலுப்பில்லாத, நிதானமான, எல்லாருக்கும் தெரிந்த குரல். சுவாமிதாஸின் குரல்.

"ஜெயா, செல்ஃப் அடி."

"அடிக்காத!" என்று சுவாமிதாஸ் கத்தினார். ஒரே குரல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஜெயன் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறினான். ஆனால் பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் சொன்னால், யோசிக்காமல் சாவியைத் திருப்புவது இருபது வருஷத்துப் பழக்கம்.

கை திருப்பிவிட்டது.

இண்டிகேட்டர்கள் நாலும் அணைந்தன. உள் விளக்கு அணைந்தது. பின்னால் நின்ற வேனின் விளக்கும் அணைந்தது. கும்மிருட்டில் ஜெயனின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு சுவாமிதாஸ் நின்றார். பின்னால் வளைவு ஏறி வரும் கன்டெய்னர் லாரியின் இரைச்சல் கேட்டது.