எண் ஒன்று

“எண் ஒன்று. இன்னும் இரண்டு நிமிடத்தில் நிலைகுலையும். மழைக் கைதட்டு செய்க” என்று காதில் மாட்டியிருந்த காதோதி முணுமுணுத்தது.

ரெஜினா சாக்பீஸைக் கீழே வைத்தாள். பதிவேட்டில் முதல் பெயர் அமுதினி. அவள் முதல் வரிசையில், நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ‘ழ’வுக்கு வால் இழுத்துக்கொண்டிருந்தாள். நிலைகுலைகிற பிள்ளை போலவா இருக்கிறாள்? வெயிலில் படுத்த பூனைகூட இவளைவிட அதிகமாக அசையும்.

ஆனாலும் காதோதி சொன்னால் செய்தாக வேண்டும்.

“எல்லாரும் எந்திரிங்க. மழை வரப்போகுது.”

இருபத்து மூன்று பிள்ளைகளும் எழுந்தார்கள். உள்ளங்கையில் முதலில் ஒரு விரலால் தட்டினார்கள். தூறல். பிறகு இரண்டு விரல், மூன்று விரல். ஐந்து விரலும் சேர்ந்தபோது ஓட்டுக்கூரையில் கனமழை கொட்டுவது போலிருந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார்கள். மழை ஓய்ந்தது. கூடவே தட்டிய ரெஜினாவுக்கும் மூச்சு நிதானமானது.

“எண் ஒன்று சீரானது” என்றது காதோதி.

அமுதினி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாலை இழுத்தாள்.

நிதானமணி நல்லாங்குளம் தொடக்கப் பள்ளிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும், பதிவேட்டு எண்ணோடு, தொங்கியபடியே நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு பிள்ளை கத்துவதற்கும் கிள்ளுவதற்கும் முன்பே அதைக் கண்டுபிடித்து, ஆசிரியரின் காதில் இருக்கும் காதோதிக்குச் சொல்லிவிடும். பிரம்பு வேண்டாம், தொண்டைத்தண்ணீர் வற்ற வேண்டாம். வகுப்புத் தலைவி இசக்கிக்குக்கூட வேலை போய்விட்டது. முன்பெல்லாம் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அடங்காதவர்களுக்குப் பக்கத்தில் ‘மிக மிக அதிகம்’ என்று போடுவது அவள்தான்.

ஒரே ஒரு விதிதான் ரெஜினாவுக்குப் பிடிக்கவில்லை. பத்து நாள் தொடர்ந்து சிவப்புக் குறி விழுந்த பிள்ளையை மாவட்டத் தலைநகரில் உள்ள நிதான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதம் அங்கேயே தங்கல். எண் ஒன்றுக்கு ஏழு நாள் முடிந்திருந்தது.

இடைவேளையில் அவள் அமுதினியைக் கூப்பிட்டாள்.

“வயிறு வலிக்காம்மா? வீட்ல யாரும் ஏசுனாங்களா?”

“இல்ல டீச்சர்.”

“உள்ளுக்குள்ள படபடன்னு வருதா?”

அமுதினி ரொம்ப நேரம் யோசித்தாள். “நான் சும்மாதான டீச்சர் இருக்கேன்?”

எட்டாம் நாள் அவளைச் சன்னலோரத்திலிருந்து மாற்றி உட்காரவைத்தாள். சிவப்பு. ஒன்பதாம் நாள் எல்லாரையும் சிலை விளையாட்டு ஆடவைத்தாள். பூவை மோந்து, மெழுகுவத்தியை ஊதி அணைக்கிற மாதிரி மூச்சுவிடச் சொன்னாள். ஆடுகிறவரை எண் ஒன்று சீராக இருந்தது. முடித்துவிட்டு அவள் அமுதினியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி தொடங்கியது. பார்க்காமல் பாடம் நடத்தினால் காதோதி கொஞ்சம் சும்மா இருந்தது. ஏன் என்று ரெஜினாவுக்கு விளங்கவில்லை. தான் பார்ப்பதுதான் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறதோ? அப்படி நினைத்ததும் காதோதி கத்தியது.

தலைமையாசிரியர் தனுஷ்கோடியிடம் போய் நின்றாள்.

“சார், அந்தப் பிள்ள அசையக்கூட மாட்டேங்கா. மிஷின்லதான் ஏதோ கோளாறு.”

“மிஷின் பொய் சொல்லுமா டீச்சர்? சில பிள்ளைங்க அமுக்குணி. வெளிய தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான இத்தன செலவு பண்ணிருக்கு.”

“எனக்கு ஒண்ணுமே புரியல சார்.”

“புரியாதவங்களுக்குத்தான் அதைக் காதுலயே மாட்டி விட்டிருக்கு” என்று சிரித்தார் அவர்.

பத்தாம் நாளும் சிவப்பு. மறுநாள் காலையில் வண்டி வாசலில் வந்து நின்றது. அமுதினியின் அம்மா தகரப்பெட்டியோடு வேப்பமரத்தடியில் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெஜினாவின் காதில் ‘எண் ஒன்று, எண் ஒன்று’ என்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“மணியைக் கழத்திக் கையெழுத்து வாங்கணும்” என்றார் தனுஷ்கோடி.

இசக்கிதான் முந்திக்கொண்டு அமுதினியின் கழுத்திலிருந்து கழற்றினாள். கழற்றியதைத் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இதுல இருவத்தி நாலுன்னுல்லா போட்டுருக்கு?”

“அது உபரி மணில்லா. கணக்குல ஏறாததாச்சே” என்றார் அவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. “அப்ப ஒண்ணாம் நம்பர் எங்க?”

வகுப்பு மொத்தமும் விரல் நீட்டியது, ரெஜினாவை நோக்கி.

அவள் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைத் திருப்பினாள். பின்னால், கயிற்றில் கோத்தபடி, புளியங்கொட்டை. மணி வந்த முதல் நாள், தடுப்பூசி என்று நினைத்து அத்தனை பிள்ளைகளும் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். அன்றைக்கு, ‘இங்க பாருங்க, டீச்சரே போட்டுக்கிட்டேன், வலிக்கவே இல்ல’ என்று பெட்டியில் முதலில் இருந்ததை எடுத்துக் கோத்துக்கொண்டது அவள்தான். மற்றவர்களுக்கு அவரவர் எண்ணைப் போட்டபின் மிஞ்சியதைத்தான் அமுதினிக்குப் போட்டிருக்கிறாள். காதோதி எச்சரிக்கும், அவள் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தைக் கேட்டு காதோதி மறுபடி எச்சரிக்கும். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே என்று அவள் தவித்த தவிப்பெல்லாம் பிள்ளையின் பெயரில் சிவப்பாக விழுந்திருக்கிறது.

“ஏட்டி இசக்கி, உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் டீச்சர்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே” என்றாள் இசக்கி. “வாயில வெரல வைங்கன்னுதான சொல்லுவீங்க.”

வண்டி வெறுமனே திரும்பியது. அமுதினியின் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள், யாரும் மனம் மாறிவிடுவதற்குள். ரெஜினா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

நடந்ததை எழுதி மேலே அனுப்பினார் தனுஷ்கோடி. மேலிடத்தில் அதை வேறு மாதிரி படித்துவிட்டார்கள். பதினைந்து நாளில் சுற்றறிக்கை வந்தது: ஆசிரியர்களின் நிலைகுலைவு இதுவரை கவனிக்கப்படாமல் இருந்தது வருந்தத்தக்கது. இனி ஆசிரியர்களும் மணி அணிய வேண்டும். அவர்களால் பதறாமல் கேட்க முடியாததால், காதோதி இனி வகுப்புத் தலைவரிடம் இருக்கும்.

திங்கட்கிழமை இசக்கி எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை பின்னி, காதோதியை மாட்டிக்கொண்டு வந்தாள். ரெஜினாவின் கழுத்தில் எண் இருபத்தைந்து. கூட்டல் கணக்கு பாதி நடந்துகொண்டிருந்தபோது இசக்கி எழுந்து நின்றாள்.

“டீச்சர், நீங்க உக்காருங்க. ஏல, எல்லாரும் எந்திரிங்க. டீச்சருக்கு மழை வேணுமாம்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூறல் பெய்து, கனத்து, ஓய்ந்தது. ரெஜினாவுக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

இசக்கி மட்டும் உட்காரவில்லை. காதைக் கையால் பொத்திக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

“டீச்சர்... நாலாம் நம்பர்னு சொல்லுது.”

“யாரும்மா நாலு?”

“நான்தான்.” அவள் தன் மணியைத் திருப்பிக் காட்டினாள். இந்த முறை எண் சரியாகத்தான் இருந்தது. “நான் சும்மாதான டீச்சர் இருக்கேன்?”

ரெஜினாவுக்கு நெஞ்சு திக்கென்றது.

அடுத்த நொடியே இசக்கி மறுபடி காதைப் பொத்திக்கொண்டு, “இப்ப இருவத்தஞ்சு” என்று பயந்த கண்களால் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.