சேர்க்கப்படும்

தபாலில் வந்த அந்த மஞ்சள் அட்டை நனைந்திருந்தது. கார்த்திகை மாதத்தில், அதுவும் சேலையூரில், நனையாமல் வருகிற தபால் எது? அருள்மேரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புடவைத் தலைப்பால் ஒற்றித் துடைத்துவிட்டுப் படித்தாள்.

‘மூன்றாம் பதிப்பு நன்றாக இருக்கிறது. பாப்பாவைச் சேர்த்ததற்கு நன்றி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். ஆனால் சுவிட்சை அணைத்தால் அழுகிறாள். அடுத்த திருத்தத்தில் அழுகையை எடுத்துவிடவும்.’

மூன்றாம் பதிப்பு இன்னும் வெளியே வரவே இல்லை. அதை எழுதிக்கொண்டிருந்த ராஜகோபாலன் சார் அடுத்த அறையில்தான், பனியனோடு, கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு மாடிவீட்டின் இரண்டு அறைகள்தான் கம்பெனி. ‘விடியல்’ என்று ஒரு மென்பொருள். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்விழித்து, மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதன் வேலை. முழுக்க முழுக்கத் தமிழில். பள்ளிக்கூடங்களும் அச்சகங்களும் வாங்கின. இரண்டு ஃப்ளாப்பி, கூடவே ஒரு மஞ்சள் அட்டை. என்ன தொல்லை, அடுத்த பதிப்பில் என்ன வேண்டும் என்று எழுதித் தபாலில் போட்டால் போதும், தபால் தலைகூட ஒட்ட வேண்டாம். வருகிற அட்டையைப் படித்து, இரண்டு ரப்பர் ஸ்டாம்பில் ஒன்றைக் குத்தி, கீழே கையெழுத்துப் போட்டு, பாதியைக் கிழித்துத் திருப்பி அனுப்புவது அருள்மேரியின் பாடு. ஒரு ஸ்டாம்ப் ‘இயலாது’. இன்னொன்று ‘சேர்க்கப்படும்’.

“குத்திட்டோம்னா அது வாக்கு, அருள்மேரி. தலைய அடகு வெச்சாவது சேர்த்துடணும்,” என்பார் சார். மனுஷன் செய்யவும் செய்வார். அதுதான் அவருடைய பெருமை.

அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

“பாப்பாவா? நம்ம ‘விடியல்’ பீப்புனு ஒரு சத்தம் போடறதுக்கே மூக்கால அழுவுது. குரலே கிடையாதும்மா. யாரோ வேலைவெட்டி இல்லாதவன் கிண்டல் பண்றான்.”

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே வந்து உட்கார்ந்தவள், கைப்பழக்கத்தில், ஸ்டாம்பை எடுத்து அட்டையில் குத்திவிட்டாள். சேர்க்கப்படும். குத்திய பிறகுதான் மூக்கில் ஏறியது அந்த வாடை. மழைவாடை இல்லை. அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறும்போதே முனியம்மா எதிரே ஓடிவந்தாள். அருள்மேரியின் ஏழு வயது மகள் பெனிட்டாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, அருள்மேரி திரும்பும்வரை பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

“அக்கா, பாப்பா படிலேர்ந்து வுழுந்துட்ச்சு. முட்டி பேந்து ரத்தமா ஊத்துது. ஒரு சொட்டு கண்ணீர் வுடலக்கா! கல்லு மாரி குந்திகினு கீது. எனுக்கு இன்னாமோ பேஜாரா கீதுக்கா.”

பெனிட்டா நாற்காலியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டியில் சதை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. இதே பிள்ளை, எறும்பு கடித்தால் தெருவையே கூட்டுவாள். அருள்மேரி டிஞ்சர் வைத்தாள். எரிந்திருக்கும். அவள் தன் முட்டியையே வேடிக்கை பார்த்தாள்.

“வலிக்குதாடி கண்ணு?”

“வலிக்குதும்மா.”

வலிக்கிறதாம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மறுநாள் இரண்டாவது அட்டை வந்தது. அதே நனைந்த மஞ்சள், அதே குண்டு குண்டான எழுத்து, அனுப்புநர் முகவரி இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக, கிழக்குத் தாம்பரம் தபால் முத்திரை மட்டும் பாதி கரைந்து நீலமாக வழிந்திருந்தது.

‘அழுகை நின்றது. நன்றி. ஆனால் ஓயாமல் அம்மா அம்மா என்று கூப்பிடுகிறாள். அந்தச் சொல்லையும் எடுத்துவிடவும்.’

அருள்மேரி அதை இரண்டு தடவை படித்தாள். ஏதோ ஞாபகம் வந்தவளாக எழுந்துபோய், பழைய அட்டைகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள்.

நவம்பர் இரண்டு, சனிக்கிழமை. கல்லறைத் திருநாள். அன்றைக்கு இருநூறு அட்டைக்கு மேல் தேங்கிக் கிடந்தது. முடித்துவிட்டுப் போ என்று சார் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். சவுரிமுத்து போய் அது மூன்றாவது வருஷம். கணவன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றாமல் அந்த நாளை எப்படிக் கழிப்பது? அதனால் ஒன்றையும் படிக்கவில்லை. இருநூறையும் வரிசையாக அடுக்கி, டக் டக் என்று ‘சேர்க்கப்படும்’ குத்தி, கையெழுத்தைக் கிறுக்கி, கிழித்து, தபால்பெட்டியில் திணித்துவிட்டு ஓடினாள். இல்லை என்பதற்குத்தானே சண்டைக்கு வருவார்கள், சரி என்றால் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தாள். ஆழம் பார்க்காமல் காலை விட்டாள், பாவி.

கீழே கொட்டிய அட்டைகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. நாலு வாரமாக டப்பாவுக்குள் கிடந்தும் காயவில்லை.

‘உள்ளே பேச ஆள் இல்லை. ஓர் ஆளைச் சேர்க்கவும். குழந்தை என்றால் நல்லது.’

அதன்மேல் அவள் குத்திய முத்திரை. அவள் கையெழுத்து.

முதலில் அது சவுரிமுத்துவின் எழுத்தோ என்று பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். இல்லை. அவருடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“சார், ஒண்ணே ஒண்ணு,” என்று போய் நின்றாள். “குத்தி அனுப்பினத கேன்சல் பண்ண முடியுமா?”

“நம்ம பாதி போயிடுச்சே. அவரா அதைத் திருப்பிக் குடுத்தாத்தான் உண்டு. அட்ரஸ் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ விடும்மா. என்னத்துக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு? வீட்டுக்குப் போ, போய் ரெஸ்ட் எடு.”

அட்டையை அங்கே விட மனம் வரவில்லை. சார் சும்மா இருக்காமல் எடுத்துக் குத்திவிட்டால்? ஸ்டாம்ப் இருந்தால்தானே குத்த முடியும் என்று அதையும், ஸ்டாம்ப் பேடையும், அட்டையையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். தெருவில் முழங்கால் தண்ணீர். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வந்த சைக்கிள் மணியைக்கூடக் காதில் வாங்காமல், நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

எந்தப் பிள்ளை அம்மாவின் கைப்பையை நோண்டாமல் இருக்கும்? அருள்மேரி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மழை தகரத்தில் விழுகிற சத்தம். பால் நுரைத்து ஏறுகிற சத்தம். அதற்கு நடுவே, கூடத்தில், டக். கொஞ்சம் விட்டு, டக். ஆயிரம் முறை கேட்ட சத்தம். அதனாலேயே காது அதை வாங்கவில்லை. வாங்கியபோது பாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பெனிட்டா தரையில் செய்தித்தாளை விரித்து ஸ்டாம்ப் குத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். தாள் முழுக்க, முழங்கை முழுக்க, கட்டுப் போட்ட முட்டியின்மேல்கூட, ஊதா ஊதாவாகச் சேர்க்கப்படும் சேர்க்கப்படும். நடுவில் அந்த மஞ்சள் அட்டை. அதிலும்.

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

“பால் பொங்குது, அருள்மேரி,” என்றாள்.

அன்றிரவு அருள்மேரி அவளை மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினாள். அம்மா சொல்லுடி. ஒரு தடவை சொல்லுடி என் ராசாத்தி. பிள்ளை அவள் வாயையே உற்றுப் பார்த்தது. உதட்டைச் சேர்த்தது, பிரித்தது. சத்தம் வரவில்லை. அருள்மேரி அழுதாள், பெனிட்டா அவள் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டு, இது என்ன என்பதுபோல் முகர்ந்து பார்த்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மழை விடட்டும், பாதிரியாரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம் என்றுதான் பொறுத்தாள். அது விடுகிற மழையாக இல்லை. மத்தியானம் பிள்ளையை முனியம்மாவிடம் விட்டுவிட்டு, ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு சேலையூர் ஏரிக்கரைக்கு நடந்தாள். ஏரி நிரம்பிக் கரையை நக்கிக்கொண்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல். கைக்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் சேர்த்து வீசினாள். ப்ளக் என்று ஒரு சின்னச் சத்தம். வட்டம் விரிந்தது. அடங்கியது. அப்பாடா என்று இருந்தது. உண்மையாகவே அப்படி இருந்தது. மாதாவே, இனி ஒருவரும் குத்த முடியாது. இருப்பது இருக்கட்டும், அம்மா என்று கூப்பிடாவிட்டால் போகட்டும், பிள்ளை என்னோடு இருந்தால் போதும்.

அவள் வீட்டை அடையும்போது மணி நாலுகூட ஆகவில்லை. மேகம் கவிந்து அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. தெருமுனையில் முனியம்மா முக்காடு போட்டுக்கொண்டு எதிரே வந்தாள்.

“நான் போறேங்கா. எனுக்கு அங்க இருக்க முடியாது. கண்ண மூடமாட்டேங்குது அது. நானும் பாத்துகினே கீறேன், ஒரு தபா மூடல.”

நிற்காமல் போய்விட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வாடை. ஆனால் எங்கும் மெழுகுவர்த்தி எரியவில்லை.

டக்.

சாப்பாட்டு மேஜைமுன் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கட்டு மஞ்சள் அட்டை. எல்லாம் ஈரம். மேஜை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கையில் ஸ்டாம்ப். அதன் பிடியில் ஏரிச் சேறு. ஒரு பாசி இழை.

டக்.

அருள்மேரி கிட்டே போனாள். கால்கள் தாமாகப் போயின.

‘தூங்குகிறாள். எடுத்துவிடவும்.’ முத்திரை.

‘பசிக்கிறது என்கிறாள். எடுத்துவிடவும்.’ முத்திரை.

‘வளர்கிறாள். நிறுத்தவும்.’ முத்திரை. மை காயவில்லை.

“பெனி.”

பிள்ளை திரும்பினாள். இமைக்காத கண்கள். காலி வீட்டு ஜன்னல் மாதிரி. அடுத்த அட்டையை அவள் குத்தவில்லை. இரண்டு விரலால் அருள்மேரி பக்கம் தள்ளினாள்.

‘பாப்பா தனியாக இருக்கிறாள். ஓர் அம்மாவைச் சேர்க்கவும்.’

ஸ்டாம்பையும் நீட்டினாள். காத்திருந்தாள்.

அருள்மேரி யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தாள். சவுரிமுத்து போன பிறகு இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இது எங்கே போகிறதோ அங்கே போவதைத் தவிர அவளுக்கு வேறு இடம் ஏது? அங்கே இருட்டோ குளிரோ, பிள்ளை பக்கத்தில் இருந்தால் சரி. அம்மா என்று அது கூப்பிடாவிட்டாலும், இவள் பெனி என்று கூப்பிடலாமே.

வாங்கினாள். குத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

மழை நின்றது. மழை மட்டும் இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டின் லாரி இரைச்சல், தாம்பரத்து ரயில் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், எல்லாம். யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. திரும்பிப் பார்த்தாள். கதவு இருந்த இடத்தில் சுவர்.

மேஜைமேல் இன்னும் ஓர் அட்டை இருந்தது. கடைசி அட்டை.

‘அம்மா வந்துவிட்டாள். நன்றி. ஆனால் பிள்ளை பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அழுகையை எடுத்துவிடவும். பிள்ளையின் நினைப்பையும் எடுத்துவிடவும்.’

பெனிட்டா அவள் கையிலிருந்து ஸ்டாம்பை உருவினாள். அருள்மேரி விரல்களை இறுக்கினாள். பிடி நிற்கவில்லை. பிள்ளை அதை ஸ்டாம்ப் பேடில் ஒரு முறை அழுத்தினாள். பள்ளியில் படம் வரையும்போது செய்வதுபோல, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு.

“வேண்டாம் பெனி. பெனி, என்னைப் பாரு. பெனி. பெனிட்டா. பெ…”

டக்.

அருள்மேரியின் கன்னங்கள் காய்ந்திருந்தன. எதற்காக வாயைத் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே, மேஜைமுன், கையெல்லாம் ஊதா மையோடு யாரோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.