தரை தொடாத குடம்

மருதையாற்றின் நீர்ப்பரப்பில் அந்திச் செவ்வானம் கரைந்து, கீழ்த்திசையில் எழுந்த முழுமதி வெள்ளியை உருக்கி வார்க்கத் தொடங்கிய அந்த மோகன வேளையில், வாசக அன்பர்களே, கரையோரச் சாலையில் தள்ளாடி வந்த படைத்தலைவன் எயினனின் கண்ணில் அந்த அழகு ஒரு துளியும் படவில்லை. கழுத்து நரம்பு தெறிக்கும்போது நிலவாவது, ஆறாவது!

அவன் தலையில் இருந்தது சித்தர்மலைச் சுனைநீர் நிறைந்த செப்புக்குடம். மாயக்காரி நாகமோடியின் சாபத்தால், அவன் கைப்பிடிக்கவிருந்த இளவரசி நறுங்குழலி பாதம் தொடங்கிக் கல்லாகிக்கொண்டிருந்தாள். மதி உச்சிக்கு வருமுன் இந்த நீர் படாவிட்டால் நெஞ்சும் கல்லாகிவிடும். குடம் மண்ணைத் தொட்டாலோ, சுமப்பவன் இசைவோடு பிறர் கை அதன்மீது பட்டாலோ நீர் வற்றிவிடும் என்று சுனையைக் காத்த பூதம் எச்சரித்திருந்தது. கோட்டை நெருங்க நெருங்கக் குடம் கனக்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டது, பாழாய்ப்போன பூதம்!

எதிரே தலையில் மூட்டையுடன் ஒருத்தி வந்தாள்.

"ஐயோ அண்ணா, முழங்கால் இப்படி நடுங்குகிறதே! கொஞ்ச நேரம் நான் தாங்கிக்கொள்கிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்?"

அந்தக் கனிவில் எயினன் குனியவே போனான். அப்போதுதான் அவள் கூந்தலைக் கண்டான். மல்லிகைச் சரத்தின் மேலேயே மூட்டை உட்கார்ந்திருந்தது; ஒரு பூவும் நசுங்கவில்லை. உப்பு மூட்டை சுமந்து வளர்ந்தவன் அவன். தலைக்கும் சுமைக்கும் நடுவே துணிச்சுருள் வைக்காத ஆளை அவன் பார்த்ததே இல்லை.

"சும்மாடு எங்கே அம்மணி? மூட்டைக்குள் என்ன, காற்றா?"

மூட்டை புகையாய்க் கலைந்தது. நாகமோடி நின்றாள்.

"கூலிக்காரப் புத்தி இன்னும் போகவில்லையடா உனக்கு!"

"போகாததால்தான் பிழைத்தேன்."

"எங்கே பிழைத்தாய்? சுனைநீர் சுமப்பவனை நான் வலிந்து தீண்ட முடியாதுதான்; ஆனால் எனக்கு அவசரமில்லை. உன் கால் மடியும் வரை கூடவே வருகிறேன்."

சொன்னபடியே வந்தாள். சாலை வளைந்த இடத்தில் எயினனின் கால் மடியத் தொடங்கியது. அங்கே தோளுயரத்தில், இரு கல்தூண்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல்: சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட ஒருத்திக்கு, அவள் இறக்காத பாரம் பிறர் பாரத்திலாவது இறங்கட்டுமென்று உற்றார் நாட்டியது. எயினன் குடத்தை அதன்மேல் நகர்த்தினான்.

"விதியை மீறிவிட்டாய்!" என்று கூவி, நாகமோடி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நீர் தளும்பியது, நிலவு ஆடியது. மண்ணும் தொடவில்லை, பிறர் கையும் படவில்லை! அவள் ஆந்தையாகி அலறிப் பறந்தாள்.

எயினன் கல்லில் கன்னம் பதித்துக் குலுங்கினான். "பேர்கூடத் தெரியாதே தாயே! ஊருக்கெல்லாம் தோள் கொடுத்தவள் எனக்கும் கொடுத்தாயே!"

மூச்சு வந்ததும் குடத்தின் அடியில் தலையைக் கொடுத்தான். ஆள் துணையின்றி மறுபடி ஏற்றிக்கொள்ளத்தானே அந்த உயரம்!

கோட்டையில் நீர் பட்டதும் நறுங்குழலி கண் திறந்தாள்.

"என்னை மீட்டது உமது தோள்தானே, எயினரே?"

"பாதிதான் தேவி. மீதி ஒரு தாயுடையது" என்று நடந்ததைச் சொன்னான்.

குடத்தில் எஞ்சிய துளியை உள்ளங்கையில் ஏந்தினாள் இளவரசி. "இந்த நீர் சாட்சி! சித்தர்மலை வரை காதத்துக்கு ஒன்றாய் அந்தத் தாயின் நினைவில் சுமைதாங்கி எழும்வரை நமக்கு மணமாலை இல்லை!"

எயினன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "அவ்வளவு கல்லையும் சுமப்பது யார், தேவி?"

"நாம் இருவரும்தான். முதலில் எனக்குச் சும்மாடு கட்டக் கற்றுக்கொடும்."